பசியாவரத்து வரதன் எழுதின மூணாவது ஓலை

பழவேற்காட்டுல ஒல்லாந்தர், அதான் டச்சுக்காரங்க, கோட்டை இருந்த காலம். பக்கத்துத் தீவு பசியாவரத்துல வரதனுக்குன்னு ஒரு பவுசு உண்டு. ஊரு முழுக்க வலை பிடிக்கிற கைங்கதான். எழுத்தாணியும் பிடிக்கிற கை அவனோடது ஒண்ணுதான். கல்யாணச் சேதியோ கோயில் சேதியோ, அவன் எழுதின ஓலையைப் படிச்சா வாயெல்லாம் தித்திக்கும். வயசு நாப்பத்தஞ்சு. நல்ல மனுஷன். கொஞ்சம் தலைக்கனம், அவ்ளோதான்.

அவனுக்கு வந்துச்சு பாருங்க ஒரு சோதனை! ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துல அவங்க வியாபாரக் கும்பினிப் படகு ஒண்ணு அடி ஒடைஞ்சு சாஞ்சிடுச்சு. பசியாவரத்தார் வலை கட்ட நட்ட கம்புலதான் மோதிச்சுனு படகுக்காரங்க சொல்லிட்டாங்க. "விசாரணை முடியிற வரைக்கும் அங்க வலை கட்டாதீங்க. உங்க நியாயத்தை எழுதிக் குடுங்க"ன்னு கோட்டை உத்தரவு. முகத்துவாரத்துல முறை வச்சு வலை கட்டுறதைப் 'பாடு'ன்னு சொல்வாங்க. பாடு நின்னா அடுப்பும் நின்னுடும். ஊரே வரதன் மூஞ்சைப் பார்த்துச்சு.

எழுதினான். கோட்டைத் துரையைச் சூரியன்னான், சந்திரன்னான், கருணைக் கடல்ன்னான். கோட்டையில மொழி மாத்திச் சொல்ற ஞானதாஸ்கிட்ட நீட்டினான். அவனுக்கு இருபத்தஞ்சு வயசுதான்.

"அழகா இருக்குதுண்ணே. படகு எங்க?"

"கடைசியில வருது தம்பி."

"அதை மொதல்ல போடுங்க. மத்ததை எடுத்துடுங்க."

எடுத்துடறதா! கல்யாணப் பொண்ணு நகையைக் கழட்டச் சொன்ன மாதிரி இருந்துச்சு வரதனுக்கு. ஆனா அடுப்பு நின்னுபோச்சே, இன்னா செய்றது? ரெண்டாவது ஓலையில விஷயத்துக்கே வந்தான்: மோதினது மணல் திட்டுல, எங்க கம்புல இல்ல, ஊரே சொல்லுது.

"யாரு பார்த்தாங்க?"ன்னான் ஞானதாஸ்.

"அதான் ஊருன்னு போட்டிருக்குதே!"

"ஊருக்கு ஏதுண்ணே கண்ணு? பார்த்த ஆள் பேரு வேணும். அவங்களுக்கு எப்படித் தெரியும்னும் வேணும்."

திட்டிக்கினே படகு தள்ளி வந்தான் வரதன். ஒத்தை ஆள் சொன்னா பொய், ஊரு சொன்னா சத்தியம், இதுதான் பசியாவரத்து வழக்கம். கோட்டையில அப்படியே தலைகீழ்!

வீட்டுல அவன் பொஞ்சாதி கஸ்தூரியம்மாள் கஞ்சி ஊத்திக்கினே கேட்டா, "கோவத்தை விடுயா. நெசமாவே யாரு பார்த்தது?"

வரதனுக்கே அது தெரியல. நாலு நாள் வீடு வீடா கேட்டான். அவன் சொன்னான், இவ சொன்னான்னு ஆளாளுக்குக் கை காட்ட, கடைசியில போய் நின்ன எடம் நாகம்மாள். வாயில கூடையைக் கவ்விக்கினு தண்ணிக்கடியில கையால தடவி இறால் பிடிக்கிறவ. வேற சனம். ஊர்க் கூட்டத்துல அவங்களுக்குப் பேச்சே கெடையாது.

"ஆமாண்ணா, படகு சாஞ்சதுக்கு மொத நாளு அதே எடத்துலதான் தடவிக்கினு இருந்தேன். எப்பவும் ஆழமா இருக்கிற எடம், அன்னிக்கு முழங்கால் தண்ணி. அடியில பூரா மணல். கம்பு ஒண்ணுகூட இல்ல."

"அங்க தண்ணி இழுப்பு ஜாஸ்தியாச்சே! நீ எதுக்கு அவ்ளோ தூரம் போன?"

நாகம்மாள் சிரிச்சா. "இன்னாண்ணா, மறந்துட்டியா? வலைப் பக்கம் வராதேன்னு மண்ணாங்கட்டியால அடிச்சு வெரட்டினது நீதானே?"

வரதன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. வெரட்டினது நெசம். வெரட்டினதே அவனுக்கு நெனப்பில்ல, அதுதான் அவனை ரொம்பச் சுட்டுது.

ஊர்த் தலைவர் சிங்காரம் குதிச்சாரு. "அவ பேரைச் சொல்லியா நம்ம பாடு திரும்பணும்? மானம் போவுதுடா!"

"பார்த்தது அவ. உன் பேரையா போடறது?"ன்னான் வரதன். வெரட்டின கதையை விட்டுட்டு எழுதலாம்தான். கோட்டைக்கு எங்க தெரியப்போவுது? ஆனாலும் எதையும் விடாம எழுதினான், நாலே வரி:

'படகு மோதியது மணல் திட்டில். முந்தின நாள் அங்கே முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தவள் நாகம்மாள். நான் பார்க்கவில்லை, அவள் சொன்னதை எழுதுகிறேன். அவள் அங்கே போனது, வரதனாகிய நான் அவளை அடித்து விரட்டியதால்.'

ஞானதாஸ் ரெண்டு வாட்டி படிச்சான். நேரா உள்ள எடுத்துக்கினு போனான். மறுநாள் கோட்டை ஆளுங்க நாகம்மாளைக் கூட்டிக்கினு போய்ப் பார்த்தாங்க. அவ காட்டின எடத்துல கழியை ஊனினா மணல்தான். எட்டாம் நாள் பாடு திரும்பிச்சு.

மொதப் பாடு வரதனுக்கு விழுந்துச்சு. வலை கட்டிக்கினு இருந்தான். அவனைப் பார்த்துட்டு நாகம்மாள் ரொம்ப தூரம் ஒதுங்கிச் சுத்திப் போனா.

"நாகம்மா! இப்படி வா. இறால் இங்கதான் இருக்குது."

அவ நின்னுட்டா. கொஞ்ச நேரம் அவன் ரெண்டு கையையும் பார்த்துக்கினே இருந்தா. கையில மண்ணாங்கட்டி ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் கிட்ட வந்தா.