தங்கச்சியின் அழுகை

நான் முதன்முதலாக இதயத்தைத் திறந்து தைத்த குழந்தை, மயக்கம் தெளிந்து வீறிட்டு அழுதது. "அழாத சாமி" என்று அதன் தாய் பதறினாள்.

சுதந்திரத்துக்கு முன்பு, குமாரபாளையத்தில் எங்கள் அம்மாவும் இப்படித்தான் பதறுவாள். தங்கச்சி ராசாத்தி அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடும். "இருதயத்துல ஓட்டைங்க. மருந்தில்லை. புள்ளைய அழ மட்டும் உடாதீங்க" என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கேட்டதையெல்லாம் கொடுத்தோம். அவள் தூங்கும்போது அப்பா தறியில் உட்காரவே மாட்டார்.

ஒரு மத்தியானம், அம்மா ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்தபோது, ராசாத்தி அழ ஆரம்பித்தாள். வெல்லம் கொடுத்தேன், துப்பினாள். ஆடிக் காட்டினேன். "நிறுத்து சாமி, உன்னைக் கும்புடறேன்" என்று காலைப் பிடித்தேன். முகம் கருநீலமாகி, ஒருவழியாக அடங்கினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவளைத் தூங்க வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல ஆற்றுக்கு ஓடினேன்.