ஐப்பசி என்று ஒரு பீர்

ஆகஸ்ட் முடிவதற்குள் இங்கே பூசணிக்காய் வந்துவிடும். வெயில் இன்னும் முதுகைச் சுட்டுக்கொண்டிருக்கும், ஏரியில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் கடை வாசல்களில் மஞ்சள் பூசணிகளை அடுக்கி, இலையுதிர் காலம் வந்துவிட்டது என்று பலகை வைத்துவிடுவார்கள். காப்பியில் பூசணி, ரொட்டியில் பூசணி, மெழுகுவத்தியில் பூசணி, கடைசியில் பீரிலும் பூசணி. மிச்சிகன் மாநிலத்தின் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் ஏழு வருடமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். இந்த வருடத்துப் பூசணி பீரை முதல் நாளே குடிக்க ஊர் பீர் ஆலைக்கு வந்த ஓர் அம்மாள் கிளாஸை முகர்ந்து, கண்ணை மூடி, "இதுதான் இலையுதிர் காலத்தின் மணம்" என்றார். பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய். எனக்கு வந்தது பிரியாணி மணம். அதை அவரிடம் சொன்னேன். "பிரியாணி என்பது உங்கள் ஊர்ப் பண்டிகையா?" என்று கேட்டார். ஆமாம், ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டினார்.

நான் அங்கே குடிக்கப் போனவள் இல்லை. காய்ச்சுகிறவள். இதை ஊரில் படிக்கிறவர்களுக்காக இன்னொரு முறை அழுத்திச் சொல்கிறேன்: ராஜபாளையத்துக் கந்தசாமி மகள் ராமலட்சுமி, உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு சின்ன ஆலையில் பீர் காய்ச்சுகிறாள். காலை ஒன்பது மணிக்குத் தொட்டி தொட்டியாக ருசி பார்ப்பதும் அவள் வேலைதான். என் அம்மா இதையெல்லாம் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாள். தெருவில் யார் கேட்டாலும் "ஜூஸ் கம்பெனி". ஏழு வருடத்தில் நான் ஆரஞ்சு பிழிந்தேனா, திராட்சை பிழிந்தேனா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்கிற பயம்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்தப் பருவத்து பீர்களில் எனக்குப் பிடித்தவை மூன்று. முதலாவது மார்ட்சன். ஜெர்மன்காரர்கள் மார்ச்சில் காய்ச்சிக் குளிரில் போட்டுவைத்து, கோடையெல்லாம் கையை வைக்காமல், குளிர் தொடங்கும்போது திறக்கும் செம்புநிற பீர். சித்திரையில் போட்ட மாவடு ஜாடியை ஐப்பசியில் திறக்கிற பொறுமை அதில் உண்டு. இரண்டாவது பச்சை ஹாப்ஸ் பீர். ஹாப்ஸ் என்பது கொடியில் பூக்கும் ஒரு கசப்புப் பூ. பார்க்கக் குட்டிக் கூம்பு மாதிரி இருக்கும். மற்ற நாட்களில் அதைக் காயவைத்துத்தான் போடுவோம். செப்டம்பரில் மட்டும் விடியலில் பறித்ததை மத்தியானத்துக்குள் உலையில் கொட்டுவோம். அந்த பீரைச் சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும். மதுரைக்கு பஸ் ஏறி மூன்றாம் நாள் தின்கிற பால்கோவாவும் பால்கோவாதான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு தின்றவர்களிடம் அதைச் சொல்லக் கூடாது. மூன்றாவதின் பெயர் ஐப்பசி. அது என்னுடையது.

எங்கள் ஊரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியில் மலை கரும்பச்சையாக நிற்கும், அய்யனார் அருவியில் தண்ணீர் இறங்கும், அப்பாவின் தறிகளில் நூல் நமுத்துப்போய் அறுந்துகொண்டே இருக்கும். அப்பா பேண்டேஜ் துணி நெய்கிறவர். பத்துத் தறி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் அந்தச் சுருள்களின் மேல் எந்த ஊர்க் கம்பெனியின் பெயரோ இருக்கும். கந்தசாமி நெய்தது என்று எந்தக் காயத்துக்கும் தெரியாது. ஆக, இவர்களுடைய இலையுதிர் காலமும் என்னுடைய ஐப்பசியும் நாள்காட்டியில் ஒரே இடத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான் உறவு.

போன வருடம் ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் அண்ணன் சுப்பையா மாமா வீட்டில் விருந்து. மாமா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் மிலிட்டரி கேன்டீனில் தன் பங்கு ரம் பாட்டில்களை மஞ்சப்பையில் வாங்கி வருவார். அந்த வாரம் முழுக்க அவரை வழியில் பார்க்கிற ஆம்பிளைகள் எல்லாரும் வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். அத்தை வேர்க்கடலை வறுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு கிளாஸ்களையும் கழுவி வைப்பாள். இதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அந்தக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாமா எனக்குப் புத்தி சொன்னார்.

"ஏட்டி லட்சுமி, அங்கன இருந்து என்ன வேணா செய்யி. இங்க வந்து பீரு காய்ச்சுதேன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிறாத. குடும்ப மானம் போயிரும்."

"மாமா, உங்க கிளாஸுல இருக்கதும் யாரோ ஒருத்தன் காய்ச்சினதுதான? அவனுக்கும் ஒரு தாய்மாமன் இருப்பாருல்ல. அவரு மானம் எப்படி இருக்காம்?"

"அது ஆம்பள காய்ச்சுறது."

"பொம்பள காய்ச்சினா போதை ஏறாதா மாமா?"

அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் நீலமாக இருந்தது.

அடுத்த நாள் அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சாமி கும்பிட்டுவிட்டு, எப்போதும் வாங்குகிற கடையில் பால்கோவா வாங்கினோம். கடைக்குப் பின்னால் விறகடுப்பில் பெரிய இரும்புச் சட்டி. என் வயதுதான் இருக்கும், மாரிமுத்து என்று ஒருவர், நீளக் கரண்டியால் பாலை விடாமல் கிண்டிக்கொண்டிருந்தார். கொதிக்கிற எதைப் பார்த்தாலும் நின்றுவிடுகிற புத்தி எனக்கு. சீனி எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். "பாலு சுண்டி வரணும். பொறவு தீய இழுத்துட்டுப் போடணும். தீ இருக்கையில போட்டா அடியில போயி உக்காந்துக்கிடும்" என்றவர், "அக்கா என்ன வேலை பாக்கிய, இம்புட்டுக் கேக்கிய?" என்றார்.

அம்மா முந்திக்கொண்டாள். "ஜூஸ் கம்பெனி."

"பீர் காய்ச்சுறேங்க" என்றேன் நான்.

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரித்து எண்ணுவது போல் குனிந்துகொண்டாள். மாரிமுத்து கரண்டியை நிறுத்தவில்லை.

"ஒரு தடவைக்கு எம்புட்டுக்கா?"

"ஆயிரத்து ஐநூறு லிட்டர்."

"ஆத்தி! அம்புட்டையும் ஒரே சட்டியிலயா? அடிப்பிடிக்காதா?"

ஆறு வருடம். மானம், ஊர், கல்யாணம், கோயில் என்று எல்லாவற்றையும் என் வேலையோடு சேர்த்துப் பேசிய என் சனத்தில், என் வேலையைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அடிப்பிடிக்காதா. அதற்குப் பதில் சொல்லவாவது அவர் பாலைச் சுண்டவைப்பது போலச் சுண்டவைத்து ஒரு பீர் காய்ச்ச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தேன்.

திரும்பி வந்ததும் ஆலை முதலாளி கிரெக்கிடம் கேட்டேன். தாடிக்காரர், நல்ல மனிதர்; இனி சொல்லப்போவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது நியாயம். வறுத்த பார்லியில் இறக்கிய சாற்றைத் தனிச் சட்டியில் பழுப்பாகும்வரை சுண்டவைத்து, பால் சர்க்கரை சேர்த்து ஒரு கறுத்த பீர். பால் சர்க்கரையை, அதாவது லாக்டோஸை, புளிக்கவைக்கிற ஈஸ்ட் தின்னாது. அதனால் புளித்து முடிந்த பிறகும் தித்திப்பு நிற்கும். கிரெக் சரி என்றார். முதல் முறை அவசரத்தில் தீயை அணைக்காமல் சர்க்கரையைக் கொட்டினேன். மாரிமுத்து சொன்னபடியே அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கரிந்த வாடை ஆலையெங்கும் இரண்டு நாள் நின்றது. சட்டியைத் தேய்த்ததில் என் தோள்பட்டை கழன்றது. இரண்டாம் முறை தீயை அணைத்துவிட்டுப் போட்டேன். கிரெக் ஒரு வாய் குடித்தார், மறு வாய் குடித்தார், இந்தப் பருவத்துக்கு இதையே வெளியிடுவோம் என்றார். என் சொந்தக் கைப்பக்குவம் டப்பாவில் அடைபட்டுக் கடைக்குப் போவது அதுவே முதல் முறை.

ஒரு வாரம் கழித்து டப்பாவின் படத்தைக் காட்டினார். பதினோரு நிலைக் கோபுரம். அதன் முன்னால் பக்கவாட்டுக் கொண்டை போட்ட ஒரு பெண், கழுத்தில் மாலை, கையில் கிளி. நான் பால்கோவா கதை சொன்னபோது ஊர்ப் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு இணையத்தில் தேடியிருக்கிறார்.

"முடியாது" என்றேன்.

"நிறம் பிடிக்கவில்லையா? மாற்றிவிடலாம்" என்றார்.

"கோபுரம் வேண்டாம். அவளும் வேண்டாம்."

கிரெக்குக்கு உண்மையிலேயே புரியவில்லை. உன் ஊரைக் கௌரவிக்கத்தானே செய்தேன் என்றார். பிறகு, ஐரோப்பாவில் துறவிகள் பீர் காய்ச்சினார்கள், மடத்தின் படம் போட்ட புட்டிகள் எத்தனையோ உண்டு, அதில் என்ன அவமானம் என்று கேட்டார். சரியான கேள்விதான். அதற்கு என் வாயில் வந்தது இதுதான்: "அந்த பீரை அந்தத் துறவிகளே காய்ச்சினார்கள். எங்கள் ஆண்டாள் பீர் காய்ச்சவில்லை. நான் காய்ச்சினேன்." வெறும் டப்பாவை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார் அவர். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். படம் இல்லையென்றால் என் பீரைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொரு தொட்டி பூசணி போட்டுவிடுவதாகவும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது என்மேலேயே எனக்குக் கோபம். வேலையை மறைக்காதே என்று அம்மாவிடம் மல்லுக்கு நின்றவள், இங்கே வந்து ஊரை மறைக்கிறேனே. நானும் ஜூஸ் கம்பெனிதானா? படம் வாட்ஸ்அப்பில் ஏறி ஊருக்குப் போய்விடும் என்ற பயமா இது? பயமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மீதி இருந்தது. அந்தக் கோபுரத்தை எடுத்துக் கொடுக்க நான் யார்? அது ஊரில் உள்ள அத்தனை பேருடையது; மாரிமுத்துவுடையது, என் வாயை அடைக்கப் பார்த்த அம்மாவுடையது. என்னிடம் எடுத்துக் கொடுக்க என்னுடையது என்று ஒன்றுதான் இருந்தது.

காலையில் ஆலைக்குப் போனதும், தொட்டிகளில் குறிப்பு எழுதி ஒட்டுகிற டேப்பைக் கிழித்து, மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதி என் தொட்டியில் ஒட்டினேன்.

ஐப்பசி
க. ராமலட்சுமி, ராஜபாளையம்

"இதைப் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்" என்றேன். கிரெக் குனிந்து பார்த்தார். எழுத்துகள் ஓவியம் போல இருக்கின்றன என்றார். ஓவியம் இல்லை, பெயர் என்றேன். தனியாக நிற்கிற அந்த முதல் எழுத்து என்ன என்று கேட்டார். "அது என் அப்பா." பீர் டப்பாவில் எதற்கு அப்பா என்று சிரித்தார். எங்கள் பெயர் அங்கேதான் தொடங்கும் என்றேன். வெள்ளிக்கிழமை அந்த டேப்பைப் படமெடுத்து அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அனுமதி கேட்க இல்லை. அதை முதலிலேயே சொன்னேன்: "கேக்கலைப்பா, சொல்லுதேன்." எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மறுமுனையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எழுத்து எம்புட்டுப் பெருசுல இருக்கும்?" என்றார் அப்பா.

கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும் என்றேன்.

"'க'வுமா?"

"ஆமாப்பா. அதுவும் அதே பெருசுதான்."

"சரி" என்றார். "நூலு அறுந்துபோச்சு, வைக்கேன்."

ஐப்பசி முதல் வாரம் வெளியான பீர் கார்த்திகை பிறப்பதற்குள் தீர்ந்துவிட்டது. படம் இல்லாத டப்பாவை யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற கிரெக், இந்த வருடம் இரண்டு தொட்டி கேட்கிறார். நான் நினைத்தபடியே டப்பாவின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. சுப்பையா மாமா மூன்று மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவருடைய மஞ்சப்பை வழக்கம்போல் போய் வந்தது. மாரிமுத்துவிடம் போன் எண் வாங்கி வைக்காமல் போனேனே என்று இருந்தது. தைக்கு ஊருக்குப் போனபோது நேரில் போய்ச் சொன்னேன்: "முதத் தடவை அடிப்பிடிச்சிருச்சுங்க." அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "தீய இழுக்கலையாக்கும்" என்றார்.

அந்தப் பயணத்தில் ஒரு காலி டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்துப் போயிருந்தேன். அப்பா அதை முன்னறை அலமாரியில், டிவிக்கு மேல்தட்டில் வைத்தார். பெயர் வாசலைப் பார்த்து இருக்கும்படி வைப்பார். அவர் தறிக்குப் போனதும் அம்மா அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். சாயங்காலம் வந்து அப்பா மறுபடி திருப்புவார். நான் இருந்த மூன்று வாரமும் இது நடந்தது.

நேற்று இந்த வருடத்து ஐப்பசியைத் தொட்டியில் ஏற்றிவிட்டு வீடியோவில் அழைத்தேன். என் ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் ஒரு பக்கம் மட்டும் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. திரையில் அம்மா; அவள் தலைக்குப் பின்னால் அலமாரி. டப்பா பாதி திரும்பி நின்றது. என் பெயர் சுவர்ப் பக்கம் போயிருந்தது. வெளியே தெரிந்தது 'ராஜபாளையம்' மட்டும்.

"என்னம்மா, பாதியில நிக்குது?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "அவிய வாசலைப் பாத்துத் திருப்புதாக, நான் சுவத்தைப் பாத்துத் திருப்புதேன். கை வலிக்குல்ல. அதான் கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"என் பேரைத் திருப்பி வைம்மா."

"நீ வந்து திருப்பிக்கோ" என்றாள் அம்மா.