மூன்றாவது நட்

சைலன்சரை எஞ்சினோடு இணைக்க மூன்று நட்டுகள் வேண்டும். தட்டில் இரண்டுதான் இருந்தன.

சேலையூரில் எங்கள் வீட்டு போர்டிகோவில் நிற்கும் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை, கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் வாங்கியிருந்தார். அதற்குரிய சைலன்சர் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் அளவு கொடுத்துச் செய்து வாங்கி, தானே மாட்டிவிடுவதாகச் சொல்லிக் காருக்கு அடியில் படுத்திருந்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஒன்றரை வயது மகள் புது சைலன்சர் குழாயின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். குக்கரை அணைக்க உள்ளே போய் வந்தேன். அவ்வளவுதான்.

"என்னங்க, ஒரு நட்டைக் காணோம். பாப்பா முழுங்கிட்டாளோ?"

"உருண்டிருக்கும், பாரு. எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆகாத."

குழந்தையின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினேன். பிஸ்கட் மாவுதான் வந்தது. இருமவில்லை, மூச்சுத் திணறவில்லை. அப்படியென்றால் நேரே வயிற்றுக்குள் போயிருக்குமோ?

அவர் வெளியே வந்து, நீளக் கம்பி வைத்த காந்தத்தால் தரை முழுக்கத் தடவினார். ஆணி ஒட்டியது, வாஷர் ஒட்டியது, நட் மட்டும் வரவில்லை. பிறகு அதையே மகளின் வயிற்றில் வைத்து இழுத்தார். அவள் கூச்சத்தில் சிரித்தாள்.

"பாத்தியா? எதுவும் ஒட்டல. உள்ள இல்ல. காருக்கு முன்னாடி உனக்குத்தான் சைலன்சர் மாட்டணும்."

ஒரு நிமிடம் எனக்கும் உயிர் வந்தது. அப்புறம் தட்டில் மஞ்சளாக மின்னிய மற்ற இரண்டையும் பார்த்தேன்.

"என்னங்க, இது பித்தளை. காந்தத்துல ஒட்டுமா?"

அவர் ஒரு நட்டை எடுத்துக் காந்தத்தில் வைத்துப் பார்த்தார். அது நழுவிப் பாயில் விழுந்தது. அவர் முகம் வெளுத்தது. அதுவரை அவர் பயப்படாமல் இருந்ததைத்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"கிளம்பு, எக்ஸ்ரே எடுத்துடலாம்."

குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். மகளின் முடி குலதெய்வத்துக்கென்று முன்பே முடிவாகியிருந்தது. அதனால் என் முடியை. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கலாமா? எடுக்காமல் இருக்கலாமா? அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். குழந்தையைத் தூக்கினேன். அவள் துள்ளி இறங்கி, மீதிப் பிஸ்கட்டைக் குழாயின் வாய்க்குள் திணித்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, "தா தா" என்றாள்.

குழாயின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளே ஏதோ கிணிங்கென்று உருண்டது. இன்னும் தூக்கினேன். மறுமுனையில் பிஸ்கட் தூள் கொட்டியது, அவளுடைய வளையல் ஒன்று விழுந்தது, கடைசியாக நட்.

அவர் ஸ்கூட்டரை அப்படியே நிறுத்திவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். "குடு, மாட்டிடறேன்" என்று கை நீட்டினார்.

"மாட்ட நாலாவது ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன். நட்டை இறுக மூடிய கையை விரிக்க முடியவில்லை. மற்ற கையால் மகளின் வாயைத் திறந்து இன்னொரு தடவை பார்த்தேன்.