ஈரத் துணிக்கு அஞ்சாத கமலாசனி அக்கா

கமலாசனி அக்கா காலமான செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பெர்மாஸ் ஜெயா காலைச் சந்தையில் மீனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். அனுப்பியவர் எங்கள் பழைய கார் சங்கத்தின் தலைவர். விடியற்காலையில் மாரடைப்பு என்றும், ‘சங்கத்தின் தூண் சாய்ந்தது’ என்றும் எழுதி, கீழே கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டிருந்தார். மீன்காரர் மிச்சக் காசை நீட்டியபடி நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். அந்தத் தூணை நடுவர் குழுவிலிருந்து பிடுங்கி எறிந்தவரே அவர்தான்.

சங்க மலருக்கு அஞ்சலி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். “ரெண்டு பத்தி போதும், கொஞ்சம் இனிமையா எழுதுங்க” என்றார்கள். இனிமையாக எழுத எனக்கு இப்போது மனமில்லை. அக்காவுக்கும் அது பிடித்திருக்காது. அதனால் அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பாலோ பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு, பாதி டாக்டராகவே வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் ஒரே மகள் அவர். வேதியியல் படித்துவிட்டு, பாசிர் கூடாங்கில் பசை தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பெக்கோக் தோட்டத்துப் பிள்ளை. அதே தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். முதன்முதலில் அவரை ‘மேடம்’ என்று அழைத்தேன்.

“மேடம்லாம் வேணாம் குணா. அக்கான்னு கூப்பிடுங்க. தப்பு பண்ணா திட்டுறதுக்கு அதுதான் வசதி” என்றார். அந்த வசதியைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டார்.

ஒரு முறை, மிளகாய் சாஸ் புட்டிகளிலிருந்து லேபிள் கழன்று விழுகிறது என்று புகார் வந்தது. பேக்கிங் ஆட்கள் ஒழுங்காக ஒட்டவில்லை என்று மேலாளர் எழுதிவிட்டார். அக்கா அந்தப் புட்டிகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனார். “ஆளுங்க சரியாத்தான் ஒட்டியிருக்காங்க. பசைதான் சரியில்ல. என் லேப்ல நடந்த தப்பு இது. என் பேர எழுதுங்க” என்றார். மேலாளர் மழுப்பப் பார்த்தார். அக்கா அவர் எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் ஆட்களின் வேலை அன்று தப்பியது.

ஓய்வுபெற்ற பிறகு, தம் தந்தையார் ஓட்டிய காரைப் பழையபடி சீர்ப்படுத்தும் வேலையில் இறங்கினார். அறுபதுகளில் வந்த வெளிர்பச்சை ஆங்கிலேயக் கார் அது. நானும் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டும் டப்பாவின் மூடியில் ஒரு காகித லேபிள் இருக்கும். எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்று கார் செய்தவர்கள் ஒட்டி அனுப்பியது. அதன் ஓரத்தில் அவர் தந்தையாரின் எண்ணெய்க் கைரேகை பதிந்திருந்தது. ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த மூலைதான் தலைவரின் கண்ணை உறுத்தியது. ஒரு சங்கச் சந்திப்பில் அக்கா தேநீர் வாங்கப் போயிருந்தார். நான் வேறொரு காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். “ஒரு நிமிஷ வேல லா இது” என்று சொல்லிக்கொண்டே தலைவர் தம் சட்டைப் பையிலிருந்த சூப்பர் குளூவை அந்த மூலையில் ஊற்றி அழுத்திவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பசை காகிதத்துக்குள் ஊறி, மூலை விறைத்துக் கறுத்தது. எஞ்சின் சூட்டில் விரிசல் விட்டது. கொஞ்ச நாளில் கைரேகையோடு சேர்ந்து லேபிளே செதில் செதிலாக உதிர்ந்துபோனது. கறுத்த மூலை மட்டும் எவ்வளவு சுரண்டியும் போகாமல் மூடியிலேயே தங்கிவிட்டது.

“பழைய பேப்பர்தானே அக்கா. ஆன்லைன்ல புதுசு கெடைக்குது” என்றார் தலைவர். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அக்கா அன்று திட்டவில்லை. தப்பைக் கண்டும் அவர் திட்டாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

புதிய நகல் லேபிளை வரவழைத்தார். அதை எதை வைத்து ஒட்டுவது என்பதில்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். சோதித்துப் பார்க்கப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய மூடிகள் அவர் வீட்டுச் சமையல் மேடையை நிறைத்திருந்தன. ஸ்ப்ரே பசை ஊடுருவி மஞ்சள் கறை போட்டது. இருபக்க டேப் சூட்டில் இளகி, ஓரமெல்லாம் பிசுபிசுத்துத் தூசி பிடித்தது. பள்ளிக்கூட வெள்ளைப் பசையில் ஒட்டிய லேபிள் வெயிலில் நகர்ந்து கோணலாக நின்றது. மைதாப் பசை அருமையாகப் பிடித்தது. மறுவாரம் கரப்பான்கள் லேபிளில் பாதியைத் தின்றிருந்தன. “நல்ல டேஸ்ட் போல” என்று அதையும் தூக்கிப் போட்டார்.

கடைசியில் அவர் தேர்ந்தது, சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறவர்கள் பயன்படுத்தும் செல்லுலோஸ் தூள். தண்ணீரில் கரைத்து ஊறவைத்து, மூடியில் ஒரு பூச்சு பூசிக் காயவிடுவார். பிறகு காகிதத்தின் பின்புறம் ஒரு பூச்சு. நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவி விடுவார். அது மஞ்சளாகாது, பூச்சியும் தொடாது. பிடிமானம்தான் சுமார்.

“தண்ணி பட்டா கழண்டு வந்துடுமே அக்கா” என்றேன்.

“வரட்டும். அதுக்குத்தானே இது. விழுந்தா திரும்ப ஒட்டிக்கலாம். நாளைக்கு எவனாச்சும் இத அசலுன்னு சொன்னா, ஈரத் துணிய வச்சா போதும், குட்டு ஒடஞ்சிடும். அத்தன வருசத்துப் பேப்பர் இப்படி முழுசா உரிஞ்சு வராது, பின்பக்கம் வெள்ளையா இருக்காது. எடுக்கவே முடியாத பசையத் தேடுறவன் எதையோ மறைக்கிறான் குணா.”

அவர் சொன்னதோடு நிற்கவில்லை. சங்கத்தின் ‘அசல் கார்’ போட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத் துணியோடு போனார். “இந்த லேபிள் நகல். சந்தேகம்னா எடுத்துப் பாருங்க” என்று நடுவர்களிடம் தாமாகவே துணியை நீட்டினார். பரிசு கைநழுவியது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அடுத்த முறை அவரையே நடுவராக்கினார்கள். அவர் அதே துணியை மற்றவர்களின் கார்களுக்குக் கொண்டுபோனார். அவர் வருவதைக் கண்டதும் பானெட்டுகள் பட்பட்டென்று மூடிக்கொண்டன. வார்னிஷ் அடித்து அசல் என்று காட்டிய நகல் லேபிள்கள் அங்கே எத்தனையோ இருந்தன.

“ஹாபி லா இது அக்கா. கோர்ட்டா நடத்துறீங்க?” என்று கேட்டுவிட்டு, தலைவர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். அதன்பின் சங்கத்தில் அவருக்குப் ‘பசை ஆன்ட்டி’ என்று பெயர். அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களின் கும்பிடும் கைகளும் அவர் காலமான அன்றைய வாட்ஸ்அப்பில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த மறு ஞாயிறு, சங்கத்தார் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மண்டபத்து வாசலில் அக்காவின் கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை: ‘அமரர் கமலாசனி பாதுகாத்த அசல் மாறாத கார். தந்தையார் காலத்து லேபிள் உட்பட.’

படித்ததும் தலைவரைத் தனியே அழைத்துப் பலகையை எடுக்கச் சொன்னேன்.

“அவங்க போய்ட்டாங்க லா குணா. நல்லது சொன்னா உனக்கு என்னா வலிக்குது? சிங்கப்பூர்லேர்ந்து ஆளு வந்திருக்காரு, அந்த லேபிளப் பாத்துதான் வாங்கப் போறாரு. மவளுக்குத்தானே நல்லது” என்றார்.

அந்த லேபிளை அழித்த கையே அது உயிரோடு இருப்பதாக எழுதியிருக்கிறது. அதற்குச் சாட்சியாக, வாழ்நாளில் ஒரு பொய்க்கும் பேர் கொடுக்காத அக்காவின் பேரை வைத்திருக்கிறது. செத்தவர் எழுந்து வந்து திட்டமாட்டார் என்ற தைரியம் அது. நான் குரலை உயர்த்தினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

அக்காவின் மகள் திவ்யா வந்தாள். காரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது; தலைவர் சொன்னதைத்தான் நம்பியிருந்தாள். “எது உண்ம அங்கிள்?” என்று கேட்டாள்.

“நான் சொல்ல வேணாம்மா. அம்மாவோட துணி டோர் பாக்கெட்ல இருக்கும் பாரு.”

டப்பா அங்கேதான் இருந்தது. தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்துத் துணியை நனைத்து, அவளே லேபிளின் மேல் விரித்தாள். வாங்க வந்தவரும் அருகில் வந்து நின்றார். சற்றுப் பொறுத்து அவள் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். லேபிள் எங்கும் கிழியாமல் முழுசாக அவள் கையோடு வந்தது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மூடியில் அது இருந்த இடத்தில், ஒரு மூலையில், கறுத்து விறைத்த அந்தப் பழைய துண்டு தெரிந்தது.

“இது என்னா?” என்றாள் திவ்யா.

“தலைவரக் கேளும்மா” என்றேன்.

“அலமாக், போச்சு” என்று தலைவர் வாய்க்குள் முனகினார். சிங்கப்பூர்க்காரர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டார். திவ்யா பலகையைக் கழற்றித் தலைவரின் கையில் கொடுத்தாள். பிறகு லேபிளைக் காயவைக்க முன் கண்ணாடியில் விரித்தாள். அக்காவும் அப்படித்தான் செய்வார்.

அக்கா, லேபிள் காய்ந்துவிட்டது. திவ்யா இன்னும் அதைத் திரும்ப ஒட்டவில்லை. அந்தக் கறுத்த மூலையைக் கொஞ்ச நாள் எல்லாரும் பார்க்கட்டும் என்கிறாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் உங்கள் கோபம் இருந்தது. எனக்கு என்னுடையது இன்னும் தணியவில்லை. நீங்கள் போய் வாருங்கள். துணியை நாங்கள் ஈரமாகவே வைத்திருக்கிறோம்.