நிமிடத்துக்கு எத்தனை சொட்டு

படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் அது ஒழுகக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். ஒழுக வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நம்முடைய சிஸ்டர்தான்.

சிஸ்டர் என்றால் ஆஸ்பத்திரி சிஸ்டர். இருபத்தாறு வருடம் வார்டில் நின்ற கால். வாட்சைப் பார்த்து டிரிப்ஸ் சொட்டை எண்ணி எண்ணி, வீட்டுக் குழாய் சொட்டினாலும் தன்னையறியாமல் எண்ணுவாள். சொந்தக்காரர்களுக்கும் அவள் சிஸ்டர்தான். புருஷன் பூகோள வாத்தியார். ரிடையர் ஆன கையோடு பதினாறடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு வாங்கினார். ஞாயிறு தவறாமல் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கரையிலிருந்து கடலில் இறக்கிக்கொண்டு போவார்.

போன வருடம் ஒரு ஞாயிறு காலையில் அப்படித்தான் போனார். சாயங்காலம் படகு மட்டும் கிடைத்தது. பாய் அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தது. உட்காரும் பலகை வரை உள்ளே தண்ணீர்; வாளியால் இறைத்துத்தான் கரை சேர்த்தார்கள். ஆள் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தவறி விழுகிறவன் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டா விழுவான் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் நாசமாய்ப் போகட்டும். ஆனால் கேள்வி நியாயமாக இருந்ததுதான் கொடுமை. அதற்கு முந்தின ஒரு மாதம் வாத்தியார் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. வெளியூரில் இருக்கும் மகள் போனில் ஒரே ஒரு தடவை கேட்டாள். "அம்மா, அப்பா வேணும்னேதான் நம்மள விட்டுட்டுப் போனாரா?"

படகு ஒழுகியிருந்தால் அது விபத்து. ஒழுகவில்லை என்றால் மகள் கேட்டதுதான் உண்மை. அன்றிலிருந்து லீவு கிடைத்த நாளெல்லாம் சிஸ்டர் படகுப் பட்டறைக்கு வந்துவிடுவாள்.

பட்டறையின் கடைசி மூலையில், மரக்கால்களின் மேல் படகு நின்றது. துடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போவாள். மறுவாரம் திறந்தால் பின்பக்க மெத்தையில் ஈரம் இருக்கும். ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அகலம். வாத்தியார் உட்காரும் இடம்.

"உப்பு ஏறின மெத்தை சிஸ்டர். காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும்" என்றார் பட்டறை மேஸ்திரி.

"எல்லா மெத்தையிலயும்தானே உப்பு ஏறியிருக்கு?"

மேஸ்திரி தீப்பெட்டியைத் தேடினார்.

கடைசியில் அவர்தான் வழி சொன்னார். படகை உள்ளேயிருந்து நிரப்பினால், ஓட்டை எங்கே இருந்தாலும் வெளியே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மத்தியானம் குழாயைப் போட்டு, பழைய தண்ணீர் விட்டுப்போன கறை வரை நிரப்பினார்கள். ஐந்நூறு லிட்டர் பிடித்தது. பாரம் ஏற ஏற மரக்கால்கள் முனகின. இலை அசையாத வெயில். ஆனாலும் உள்ளே தண்ணீர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி. சிஸ்டர் படகுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு இடத்தில் சொட்டியது. சுக்கான் போல்ட்டில் நிமிடத்துக்கு இருபத்துநாலு. அடிக்கட்டை இணைப்பில் முப்பத்தாறு. கூட்டினால் அறுபது. இருபது சொட்டு ஒரு மில்லி. மீதிக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டாள்.

"இவ்வளவு தண்ணி ஏற எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் மேஸ்திரி.

"நாலு மாசம்" என்றாள் சிஸ்டர்.

வாத்தியார் கடலில் இருந்தது மிஞ்சிப்போனால் ஒன்பது மணி நேரம். சிஸ்டருக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, இத்தனை நாள் அடக்கியதே பெரிசு. மேஸ்திரி பாவம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் மூன்றாவது சொட்டைப் பார்த்தாள். பின்பலகையில், சுக்கானின் மறைவில், நிமிடத்துக்கு ஒன்று. கரையில் ஏற்றியதும் தண்ணீரை வடிக்க அங்கே ஒரு துளை உண்டு. அதற்கு ஒரு திருகு மூடி. வெளிப்பக்கமிருந்து மாட்டுவது.

"மூடி இருக்கே, ஏன் கசியுது?"

மேஸ்திரி குனிந்து விரலால் தடவினார்.

"கோணலா ஏறி இறுகியிருக்கு சிஸ்டர். மரையே நசுங்கிப் போச்சு. கரையில நிதானமா மாட்டுறவன் இப்படி மாட்ட மாட்டான். மாட்ட மறந்துட்டுக் கடலுக்குப் போயிருக்காரு. எல்லாரும் பண்றதுதான், நானே ரெண்டு தடவ மறந்திருக்கேன். படகு வேகமாப் போறப்ப தெரியாது. மெதுவாச்சுன்னா மடமடன்னு ஏறும்."

"மூடியை மாட்டத்தான் படகை நிறுத்திப் பாயை இறக்கிக் கட்டினாரா?"

"பின்ன?"

சிஸ்டர் ஏணியில் ஏறி, பின்பலகைமேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். மூடிக்கு ஒரு சாண் குறைந்தது. வாத்தியார் அவளைவிடக் குள்ளம்.

"எட்டலையே மேஸ்திரி."

"எட்டாது. தண்ணியில இறங்கித்தான் மாட்டியிருக்கணும்" என்றார் மேஸ்திரி. அதற்குமேல் சொல்ல அவருக்கு மனசில்லை. ஆனால் அவள் விடவில்லை. "பாய் இல்லைன்னாலும் காத்து படகைத் தள்ளிக்கிட்டேதான் இருக்கும், சிஸ்டர். கை விட்டுச்சுன்னா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம்."

பட்டறை வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் பண்ணினாள். ஒன்று விடாமல் சொன்னாள். "அப்பா நம்மள விட்டுட்டுப் போகலடி. வீட்டுக்கு வரணும்னுதான் தண்ணியில இறங்கியிருக்காரு" என்றாள். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது என்றே நினைத்தாள்.

மகள் வேறொன்று கேட்டாள்.

"அப்பாவுக்கு நல்லா நீந்தத் தெரியுமேம்மா."

"தெரியும்."

"அப்படின்னா படகு பின்னாடியே நீந்திட்டு வந்திருப்பாரு, இல்ல?"

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள். ரிடையர் ஆன வயசு உடம்பு நடுக்கடலில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வந்திருப்பாருடி" என்றாள். "ரொம்ப நேரம் வந்திருப்பாரு."