ராசியில்லாத கை

மாசாய் நகரத்து அடுக்குமாடியில் யார் வீட்டு வளைகாப்பு என்றாலும் புளிச்சோறு சந்திரமதிதான் கிளற வேண்டும். வளையல் போடும் நேரம் வந்தால் மட்டும் அடுப்பை விட்டு நகரமாட்டார். யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். சோறு மட்டும் அவர் கையால் இனிக்குமாம்!

சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிய காலத்தில் மூத்தவன் ரூபேந்திரன் கொழுகொழுவென்று பிறந்தான். அடுத்தது பெண். பிறந்த அன்றே உடம்பெல்லாம் மஞ்சளாகி மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்கடுத்தது வயிற்றிலேயே இறந்தது. கோயில், பரிகாரம், பெயர் மாற்றம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில், ராசியில்லாத கை என்று மாமியார் சொன்னதுதான் நிலைத்தது. ஊர் நம்பியதைக்கூட மன்னிக்கலாம். சந்திரமதியே நம்பியதுதான் கொடுமை.

இப்போது மருமகள் லோஷினிக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.

"மொத வளையல் நீங்கதான் போடணும் அத்தே" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"என் கை வேணாம்மா. பிள்ள நல்லபடியா பொறக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். நர்ஸ் பிரவீனா ஊசியை எடுத்ததும் சந்திரமதி எழுந்து பக்கத்தில் வந்தார்.

"எதுக்கு மிஸ்ஸி ஊசி? பிள்ளைக்கு ஏதாச்சுமா?"

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல ஆன்டி. லோஷினி ரத்தம் நெகட்டிவ், உங்க மகன் பாசிட்டிவ். பிள்ளையும் பாசிட்டிவா இருந்தா, பிரசவத்துல அதோட ரத்தம் அம்மா ரத்தத்துல கலந்துரும். மூத்தது பெரும்பாலும் தப்பிச்சிரும். ஆனா அம்மா உடம்பு அந்த ரத்தத்த எதிரியா ஞாபகம் வச்சிக்கிட்டு அடுத்த பிள்ளைய தாக்கும். பொறந்ததுமே மஞ்சள் ஏறிரும், சிலது வயித்துலயே போயிரும். இப்ப ஒரு ஊசி, பொறந்த பிள்ள பாசிட்டிவ்னா இன்னொண்ணு. போட்டுட்டா பயம் இல்ல லா."

சந்திரமதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூத்தது தப்பியது. அடுத்தது மஞ்சள். யாரோ அவர் கதையைப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்னது மாதிரி இருந்தது.

"என் ரத்தத்தையும் பாருங்க மிஸ்ஸி" என்று, இரண்டு பிள்ளைகள் போன கதையைச் சொன்னார்.

அன்று சர்க்கரை அளவு பார்க்கும் இனிப்புநீர் சோதனைக்கு அவரும் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. பிரவீனா டாக்டரிடம் சொல்லி, ரத்த வகையையும் சேர்த்துப் பார்க்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"ஓ நெகட்டிவ் ஆன்டி. அப்ப யாரும் சோதிச்சுப் பாக்கல, உறுதியா சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதப் பாத்தா இதுவாத்தான் இருக்கும்."

"அப்ப என் கை இல்லையா மிஸ்ஸி?"

"கையா? என்ன கை?" பிரவீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வைத்துவிட்டுச் சந்திரமதி வாய்விட்டு அழுதார். இத்தனை வருட அழுகை, எளிதில் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புளிச்சோற்றை வேறு யாரோ கிளறினார்கள். கொஞ்சம் உப்புக் கூடத்தான். சந்திரமதி கூடத்துக்கு வந்து, மருமகளுக்கு முதல் வளையலைப் போட்டார். போட்ட கையை விடவில்லை.

"ஒரு ஊசிதாம்மா" என்றார். "அன்னிக்கு எனக்கும் போட்டிருந்தா, அவளுக்கு இப்ப இருபத்தெட்டு வயசு."