சின்னத் துளை, பெரிய கட்டு

ஆபரேஷனில் கஷ்டமான பகுதி நோயாளியின் வயிற்றில் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களிடம் இருக்கிறது. விருதுநகரில் பெண்கள் நல மருத்துவராக இருக்கிற எனக்கு இது தெரியும். விளக்கம் சொல்லியே தொண்டை கட்டிப்போன சக மருத்துவர்களான உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

துளையா, திறப்பா?

முத்துலட்சுமி தாயில்பட்டிக்காரர். பட்டாசு கம்பெனியில் பெட்டி தூக்குகிற வேலை. கருப்பையில் கட்டி, ஓயாத ரத்தப்போக்கு, முகம் வெளிறிக் கிடந்தது. கருப்பையை எடுத்தாக வேண்டும். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், துளை போட்டு லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். இவருக்குத் துளையே போதும், வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றேன். ஆனால் எப்படிச் செய்தாலும் உள்ளே போடுகிற தையல் ஒரே மாதிரிதான், ஒன்றரை மாதம் பாரம் தூக்கவே கூடாது என்றும் அழுத்திச் சொன்னேன்.

கணவர் கருப்பசாமி தலையாட்டினார். கூட வந்த அவருடைய அக்கா, சீசனுக்குக் கம்பெனிக்கு ஆள் கூட்டிப் போகிறவர், ஆட்டவில்லை. "சின்ன ஓட்டைக்கு எதுக்கு டாக்டரம்மா இம்புட்டு லீவு?"

ஆரஞ்சு போன இடம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த கட்டிலில் மல்லாங்கிணற்றுப் பெண் ஒருவர். முன்பு சிசேரியன் ஆகி உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடந்ததால் அவருக்கு வயிற்றைத் திறந்துதான் செய்தேன். அந்த அகலமான கட்டைப் பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

முத்துலட்சுமி வயிற்றிலோ சின்னச் சின்னப் பிளாஸ்திரிகள். வேன் பிடித்து வந்த உறவுக் கூட்டத்தின் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. கொண்டுவந்த ஆரஞ்சில் பாதி பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டது. நாத்தனார், அதாவது கருப்பசாமியின் அக்கா, குனிந்து உற்றுப் பார்த்தார். "பட்டாசுத் திரி வெட்டுறப்போ நாங்க இதைவிடப் பெருசா கையைக் கிழிச்சிருக்கோம். அன்னைக்கே வேலையும் பாத்திருக்கோம்."

கிளம்புகிற நேரம்

வீட்டுக்குக் கிளம்பும்போது முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற சமயம். மதினி, அதாவது அந்த நாத்தனார், பெட்டி தூக்கக் கூப்பிட்டால் மறுக்க முடியாது என்றார். எனக்கும் பயம்தான். உள்தையல் விட்டுப்போனால் ரத்தம் கொட்டும், மறுபடி ஆபரேஷன் மேஜைதான். நாத்தனாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேன் வந்துவிட்டதா என்று தம்பியிடம் விசாரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

முத்துலட்சுமி கிசுகிசுத்தார். "கட்டை மட்டும் பெருசாப் போட்டு விடுங்க டாக்டரம்மா. மத்ததை அது பாத்துக்கிடும்."

திரும்பி வந்தபோது

நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். மல்லாங்கிணற்றுப் பெண்ணின் கட்டைவிட அகலமான கட்டோடு முத்துலட்சுமி ஊர் போய்ச் சேர்ந்தார். ஒன்றரை மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது உள்ளே அருமையாக ஆறியிருந்தது. மதினி தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடவில்லையாம். முகத்தில் ரத்தம் ஊறியிருந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனிமேல் கட்டு வேண்டாம், வேலைக்கும் போகலாம் என்றேன். முத்துலட்சுமி வெளியே போனதும் கருப்பசாமி மட்டும் நின்றார். நம் குட்டு உடைந்தது என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "புண்ணு எம்புட்டுன்னு எனக்குத் தெரியும் டாக்டரம்மா, வீட்டுல கட்டு மாத்துனதே நான்தான். தீபாவளி வரைக்கும் கட்டு இருக்கட்டும்னு எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. கல்யாணமானதுக்கு அப்புறம் இப்பத்தான் அவ அசந்து தூங்குறா."

சின்னத் துளையில் ஆபரேஷன் செய்யப் படிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. பெரிய கட்டுப் போடப் படிக்க ஒரு சீசன் போதுமாக இருந்தது.